காக்கை வராத காட்டில் ஒரு திதி

என் வீட்டுக்காரர் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஆட்டோ ஓட்டினார். குதிரேமுகக் காட்டைப் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பார்க்காமலே இறந்து இரண்டு வருஷம். இந்த நவம்பரில் மகள் கவிதா எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாள். அவள் பார்த்தது இங்கிலீஷ் தேதி. காட்டுக்குப் போகிற அன்றைக்கே திதி என்று, பஸ் ஏறிய பிறகு நாத்தனார் போனில் சொல்லித்தான் தெரிந்தது. இறங்கவும் முடியவில்லை.

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இரவு ஒன்பதுக்கு ஏறினால் விடியும்போது களசா என்கிற மலையூர். சுமார் முந்நூற்று முப்பது கிலோமீட்டர். மலை ஏறியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

தங்கிய வீட்டு அம்மாவிடம் கேட்டு, அவர்கள் அடுப்பிலேயே சோறும் பருப்பும் வாழைக்காயும் வைத்தேன். இலையில் போட்டுக் கூரைமேல் வைத்துக் கூப்பிட்டேன். தூறலில் ஒரு காக்கையும் வரவில்லை. அது தொடாமல் நான் சாப்பிட மாட்டேன். ஜீப் வந்துவிட்டது. காட்டில் காக்கைக்கா பஞ்சம் என்று நினைத்து, இலையை மடித்துக் கையோடு எடுத்துக்கொண்டேன்.

ஜீப் ஓட்டி வழியும் காட்டுகிற மணியண்ணன், இங்கே முன்பு இருந்த இரும்புச் சுரங்க வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். நாள் வாடகை மூவாயிரம். உள்ளே மழை நின்ற பிறகும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருந்தன. பள்ளத்தில் அடர்ந்த சோலை, மேட்டில் வெறும் புல். இறங்கி நடந்ததும் காலில் அட்டை.

"அம்மா, எல்லா அட்டையும் உன்னையே தேடி வருது, பாரேன்" என்றாள் கவிதா.

"வரட்டும். அதுவாவது சாப்பிடட்டும்."

ஒரு பாறையில் இலையைப் பிரித்தேன். மணியண்ணன் ஓடி வந்தார்.

"பேடக்கா, வேண்டாம்! எடுங்க, எடுங்க. இங்க எதுவும் வைக்கக்கூடாது."

"காக்காவுக்குண்ணா. இன்னிக்கு அவருக்குத் திதி."

அவர் குரல் இறங்கிவிட்டது. "உள்காட்டுக்கு காக்கா வராதுக்கா. மனுஷன் சாப்ட்டுப் போடுற இடத்துலதான் இருக்கும். சோத்த வெச்சுப் பழக்கினா அதுவும் வரும், வந்து குருவி முட்டைய தின்னும். குரங்கு ருசி கண்டா ரோட்டுக்கு வந்து வண்டில அடிபடும்."

மடித்தேன். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. வேரில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது மேலே கிளை ஆடியது. சிங்கவால் குரங்குகள். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. அவர் பார்க்க ஆசைப்பட்டதே இதைத்தான். காட்டுப் பலாவைக் கிழித்து, சுளையைப் பிடுங்கித் தின்றன. ஒன்றுகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் சோறு அவற்றுக்கு வேண்டியிருக்கவில்லை. நிதானமாகத் தின்று முடித்து அடுத்த மரத்துக்குத் தாவிப் போய்விட்டன.

ஜீப்புக்குத் திரும்பிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த இலையை மடியில் விரித்தேன்.

"காக்கா இன்னும் தொடலியேம்மா?"

"அவர் பாக்கணும்னு சொன்னதுங்க சாப்ட்டுச்சுல்ல. போதும்டி. பசிக்குது, நீயும் கை வை."

மணியண்ணனுக்கும் ஒரு உருண்டை கொடுத்தேன். மனசு லேசானது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வயிறு அடங்கியது, அழுதேன், தூங்கினேன்.

போகிறவர்களுக்கு: மழை விட்ட பிறகு போங்கள். அட்டைக்கு உப்பும் நீளமான சாக்ஸும் வேண்டும். அனுமதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். திதி நாளாக இருந்தால் படையலைக் களசாவிலேயே முடித்துவிடுங்கள். காக்கை வராவிட்டால் பட்டினி கிடக்காதீர்கள். காடு ஏறி இறங்க உடம்பில் தெம்பு வேண்டும்.