சாமி அலமாரியில் ஆஸிம் வீட்டு வேதம்

யானைக்குப் பயப்படாதவள் பொற்கொடி. மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூரில் பிறந்தவள். சிறுபிள்ளையாக இருக்கும்போது தென்னந்தோப்புக்குள் யானை புகுந்தால், பெரியவர்கள் பட்டாசைத் தேடிக்கொண்டிருக்க, இவள் எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு முன்னால் போய் நிற்பாளாம். நான் நம்பியதே இல்லை. நான் பார்த்த பொற்கொடி பல்லி கத்தினால்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள்.

போத்தனூரில் எங்கள் லைன் வீட்டில் அடுத்த வீடு அவளுடையது. நடுவில் ஒரே சுவர். நான் மிளகாய் தாளித்தால் அவள் தும்முவாள். புருஷன் சென்னியப்பன் சைக்கிளில் மில்லுக்குப் போகும்போது லாரி அடித்துச் செத்துப்போனான். பையன் பிரவின்குமார் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். அதே மில்லில் இவளுக்குக் கோனில் நூல் சுற்றுகிற வேலை கொடுத்தார்கள். மறுகல்யாணம் பேச வந்த சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். மில், வீடு, பையன், அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் எல்லாச் சாமியும் அவளுக்கு வேண்டியிருந்தது. சர்ச்சைத் தாண்டினாலும் கும்பிடுவாள், பள்ளிவாசலைத் தாண்டினாலும் கும்பிடுவாள்.

"ஏன் அம்மணி, அது உன்ற சாமியா?" என்று கேட்டால், "எந்தச் சாமி எப்பக் கோவிச்சுக்கும்னு யாரு கண்டாங்கக்கா?" என்பாள். எனக்குச் சிரிப்பாக வரும்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் ஊரெல்லாம் குண்டு வெடித்ததே, அதோடு அந்தச் சிரிப்பு போயிற்று. முந்தின நாள்தான் பிரவின் ஓசூரில் வேலை கேட்கப் போகிறேன் என்று கிளம்பியிருந்தான். எங்கே பஸ் ஏறினான், இவளுக்குத் தெரியாது. எந்தக் கம்பெனி, அதுவும் தெரியாது. போன் என்று ஒன்று இருந்தது தெருமுனை மளிகைக் கடையில்தான், அது பூட்டிக் கிடந்தது. ஊரடங்கு. எங்கேயோ ஆம்புலன்ஸ் அலறும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழும்.

கம்பெனி விலாசம் கிடைக்குமா என்று அவன் பெட்டியைத் திறந்தாள். சட்டைகளுக்கு அடியில் தடியாக ஒரு புத்தகம். முஸ்லிம்களின் வேதம், தமிழில் பெயர்த்தது. முதல் பக்கத்தில் ஆஸிம் என்று பெயர் எழுதியிருந்தது. ஆஸிம், பிரவினோடு ஒரே லேத் பட்டறையில் வேலை செய்த பையன். முஸ்லிம்கள் அதிகமுள்ள உக்கடத்தில் வீடு. இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிடுகிறவர்கள். முந்தின வருஷம் நவம்பரில் நடந்த இந்து, முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு, ஒன்றாகச் சுற்றாதீர்கள் என்று பட்டறைக்காரர் இரண்டு பேரையும் கண்டித்திருந்தார்.

பெட்டியைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பத்மாக்கா, என்ற பையன் மாறிப்போட்டானுங்க."

"எங்கடி மாறுனான்?"

"தாடி உட்டிருந்தானில்லைங்க? திருநீறு வெக்கறதில்லையே, அது? நாந்தான் குருடியாட்ட இருந்துபோட்டேன். இதைப் போலீஸ் பாத்தா அவனைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. பாக்காட்டியும் அவன் எனக்கு இல்லீங்க."

போலீஸ் கொண்டுபோகும் என்பது ஒரு பயம். போலீஸ் விட்டாலும் அந்தச் சாமி கொண்டுபோகும் என்பது இன்னொரு பயம். இருப்பது ஒரே பிள்ளை.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். "வரட்டும் அவன், செவுளைப் பேத்துப்போடறேன். நம்ம சாமியப் பத்தியே நமக்கு முழுசாத் தெரியாது, இதுல அடுத்தவங்க சாமியப் படிக்கக் கெளம்பிட்டாரு தொரை! மொதல்ல அதைத் தூக்கி அடுப்புல போடு" என்றேன். பக்கத்துத் தெருவில் வீடு வீடாகச் சோதனை நடக்கிறது என்று காலையில்தான் பால்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சாமி புஸ்தகத்தையா? அடுப்புலயா?" வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்புறம் அந்தச் சாமி என்ற பையனைச் சும்மா உடுமாங்க?"

கொளுத்தவும் பயம், வைத்திருக்கவும் பயம். என்ன கெரகமோ! கடைசியில், முடிவு தெரியாதபோது எங்கள் பக்கத்து ஜனங்கள் செய்வதைத்தான் செய்தாள். அம்மனிடம் பூ கேட்கலாம் என்றாள்.

ஊரடங்கைத் தளர்த்திய நேரம் பார்த்துத் தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் கட்டி அம்மன் முன்னால் வைத்தாள். வெள்ளை வந்தால் கொளுத்திவிடலாம், சிவப்பு வந்தால் வைத்திருக்க வேண்டும். எடுக்க வேண்டியவள் நான். தாயே, வெள்ளை குடு, வெள்ளை குடு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே எடுத்தேன். பிரித்தால் சிவப்பு.

"இன்னொருக்காக் கேளு" என்றேன்.

"பேரம் பேசறதுக்கு அம்மன் என்ன காய்காரியாங்க?" என்று சொல்லிவிட்டு, என்னை விட்டு முன்னால் நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டாள். ஈரத்தலையோடு புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, சாமி அலமாரியில் அங்காளம்மன் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் வைத்தாள். வெள்ளிக்கிழமை எல்லாச் சாமிக்கும் பொட்டு வைக்கும்போது, துணியை விலக்கி அதன் அட்டைமேலும் சந்தனம் குங்குமம் வைத்தாள். "புதுசா வந்த சாமிங்க. நம்மளைக் கவனிக்கலைன்னு நெனச்சுக்கக் கூடாதில்லைங்க?" என்றாள். அதில் விளையாட்டே இல்லை.

மில்லும் மூடிக் கிடந்தது. ஒரு மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பாகக் கேட்டது. போய்ப் பார்த்தால், புத்தகத்தை மணைமேல் விரித்து வைத்து, வரிமேல் விரலை ஓட்டி வாசித்துக்கொண்டிருக்கிறாள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"உனக்குமா பைத்தியம் புடிச்சிருச்சு? நீயும் மாறித்தான் போகப்போற, பாரு!" என்று கத்தினேன்.

"மாறுனா மாறிட்டுப் போறேனுங்க. என்ற பையனைக் கூட்டிட்டுப் போனது என்னன்னு எனக்குத் தெரியோணுமில்லைங்க? தெரியாம இருக்கறதுதான் பயமுங்கக்கா. யானை கண்ணு முன்னால நின்னா பயமில்லீங்க. தோப்புல எங்க நிக்குதுன்னு தெரியாதப்பத்தான் ஒடம்பு நடுங்கும்."

அன்றைக்குத்தான் அந்த யானைக் கதையை நான் நம்பினேன்.

பகலும் ராத்திரியுமாகத் தினமும் வாசித்தாள். நரக நெருப்பைப் பற்றி வருகிற பக்கங்களில் மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பாள். "இதுல நெருப்பு நெம்ப இருக்குதுங்கக்கா. நம்மளைத்தான் சொல்லுதாட்ட இருக்குது" என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டு, மறுபடி போய் விட்ட இடத்தில் உட்காருவாள். ஒரு நாள் அழுதுகொண்டிருந்தாள். ஆள் துணையில்லாமல் ஒருத்தி மரத்தடியில் பிள்ளை வலியில் துடிக்கிற இடம் வந்ததாம். பிரவினையும் இவள் அப்படித்தான் பெற்றாள், பிறந்த வீட்டுத் தோட்டத்தில், கூப்பிடு தூரத்தில் யாருமில்லாமல். "அந்த வலி இவங்க சாமிக்கும் தெரிஞ்சிருக்குதுங்க" என்றாள்.

பிறகு எங்கள் தெருவுக்கே போலீஸ் வந்தது. நான் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பெட்டியைத் தரையில் கொட்டினார்கள். அரிசி டின்னுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். "பையன் எங்க?" "ஓசூருங்க." "ஓசூர்ல எங்க?" அதுதான் அவளுக்குத் தெரியாதே. ஒரு போலீஸ்காரர் சாமி அலமாரி முன்னால் வந்து நின்று மஞ்சள் மூட்டையைப் பார்த்தார். "அது என்னம்மா?"

செத்தோம் என்றே நினைத்தேன்.

"சாமி புஸ்தகமுங்க" என்றாள் பொற்கொடி.

துணியில் மஞ்சள், மேலே ஒரு துண்டு பூ. அவர் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பொற்கொடி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் சோறு ஆக்கவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்ததையும் மூடி வைத்துவிட்டாள்.

ஊர் கொஞ்சம் அடங்கியதும் ஒரு காலையில் பிரவின் வந்து நின்றான். கடைக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தானாம், யாரும் எடுக்கவில்லையாம். அவனைக் கட்டிக்கொண்டு அழுதவள், அழுகை நிற்கும் முன்பே, "நீ மாறிட்டயா கண்ணு?" என்று கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். அலமாரியைக் காட்டினாள்.

"ஐயோ, அதாம்மா? இத்தனை அடிச்சுக்கறாங்களே, அப்படி என்னதான் எழுதியிருக்குதுன்னு பாக்கலாம்னு ஆஸிம்கிட்ட வாங்குனேன். நாலு பக்கம் படிச்சேன், தூக்கம் வந்துருச்சு."

"தாடி?"

"பிளேடு பட்டு மூஞ்சி பொரிஞ்சு கெடந்துச்சும்மா."

அடப்பாவி! நான் கொடுப்பதாகச் சொன்ன அறை விழுந்தது, ஆனால் அவள் கையால். வாங்கிக்கொண்டு அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான். "ஆஸிமை விசாரிக்கறதுக்குன்னு கூட்டிட்டுப் போனாங்களாம்மா. இன்னும் உடலையாம். பஸ் ஸ்டாண்டுல சொன்னாங்க. நானே போயி அவங்கம்மாகிட்ட இதைக் குடுத்துட்டு வந்தர்றேன்."

"நீ வாசப்படி தாண்டுன, அப்புறம் நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றாள். போனது நாங்கள் இரண்டு பேரும்தான்.

பையில் தக்காளியைப் போட்டு அதற்கு அடியில் புத்தகத்தை வை என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாளா? சாமியை அடியில் வைக்கக்கூடாதாம். தக்காளிக்கு மேலேதான் வைத்தாள். உக்கடத்தில் மணல் மூட்டை, அதன் பின்னால் துப்பாக்கி. ஒவ்வொரு காக்கிச் சட்டையைத் தாண்டும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது. வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே போனேன். வாயை மூடினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

ஆஸிமின் அம்மா ஹபீபுன்னிசா கதவைப் பாதிதான் திறந்தாள். நெற்றியில் பொட்டு வைத்த இரண்டு பொம்பளைகள் அந்தத் தெருவுக்குள் எதற்கு வருகிறார்கள் என்று அவளுக்குப் பயம். எங்களுக்கு அவளைவிடப் பயம். பொற்கொடி, பிரவினோட அம்மா என்று சொல்லிக்கொண்டு, புத்தகத்தை எடுத்து மஞ்சள் துணியைப் பிரித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டைமேல் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடக்கிறது! உருவமே வைத்துக் கும்பிடாத ஜனங்கள், அவர்கள் வேதத்துக்கு இவள் பொட்டு வைத்துக் கொண்டுவந்து நிற்கிறாள். உள்ளே யாரோ ஆண்பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்து பார்த்தால் என்ன ஆகும்? பொற்கொடியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை.

புத்தகத்தை வாங்கிய ஹபீபுன்னிசாவின் கட்டைவிரல் குங்குமத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. "இது யாருங்க வெச்சது?"

"நானுங்க. தப்புங்களா? எங்க ஊட்டுச் சாமிகளுக்கெல்லாம் வெச்சுப்போட்டு, இதுக்கு மட்டும் வெக்காம இருக்க மனசு வரலீங்க."

"படிச்சீங்களா?"

"முழுசும் படிச்சேனுங்க. பாதி புரியலீங்க. பயமா இருந்துச்சுங்க."

"எனக்கும் பயமாத்தானுங்க இருந்துச்சு" என்றாள் ஹபீபுன்னிசா. "இதை வெளிய குடுக்காதடான்னு ஆஸிம்கிட்டச் சொன்னேன். படிச்சுப்போட்டு நம்மளைத் தப்பா நெனப்பாங்கன்னு." பிறகு, "உங்க பையன் வந்துட்டானுங்களா?" என்று கேட்டாள்.

"வந்துட்டானுங்க."

அவள் உதடு துடித்தது. முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். "அப்ப என்ற பையனுக்கும் வேண்டிக்குங்க."

"யாருகிட்டங்க?" என்றாள் பொற்கொடி.

விவரம் கெட்டுக் கேட்கவில்லை. முழுசும் படித்தவள் அல்லவா? ஒருவனைத் தவிர வேறு யாரிடமும் அவர்கள் கையேந்த மாட்டார்கள் என்று தெரிந்தேதான் கேட்டாள். ஹபீபுன்னிசா குங்குமத்தைத் துடைக்கவில்லை. புத்தகத்தை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பொற்கொடி வீட்டுக்குப் போகவில்லை. நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய் இரண்டு பொட்டலம் கட்டினாள். வெள்ளை வந்தால் ஆஸிம் வருவான். எடுக்க வேண்டியவள் மறுபடியும் நான். எடுத்தேன். கட்டை அவிழ்க்கப் போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிக்காதீங்கக்கா."

"தெரியாம இருக்கறதுதான் பயம்னு சொன்னவ நீதான, அம்மணி?"

"சொன்னேனுங்க." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "செவப்பா இருந்தா, அந்தம்மாகிட்ட நான் என்னன்னு போயிச் சொல்றதுங்க?"

ஆஸிமின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. நான் யாருடைய வேதத்தையும் படித்தவள் இல்லை. இருந்தாலும் பிரிக்க என்னாலும் முடியவில்லை. பொட்டலத்தைக் கட்டு அவிழ்க்காமல் அம்மன் முன்னால் திருப்பி வைத்தேன்.