ஆனந்தன் வாணாம்னு சொன்ன சரிவு

ஆனந்தனை நான் மச்சான்னுதான் கூப்புடுவேன். எம்பொண்டாட்டி தமிழ்ச்செல்விக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாது. அப்புறம் எங்கேர்ந்துடா வந்தான் மச்சான்னு கேக்காத ஆளே ஊர்ல இல்ல. கேக்கறவன் கேட்டுகினு போவட்டும், எனக்கு இன்னா. ஆனா விஷயம் தெரியாம பேசினா மட்டும் எனக்குக் கோவம் வந்துரும். அதனால சொல்லிடறேன்.

நான் தனகோடி, வேடந்தாங்கல் பக்கம். அவன் செய்யூருக்குக் கெழக்க, கழிவெளி ஓரத்து ஊரு. இப்ப கல்பாக்கத்துல ஸ்டாஃப் பஸ் ஓட்டிகினு கீறான். அப்ப ரெண்டு பேரும் பட்டாளத்துல ஒரே கம்பெனி. தொண்ணூத்தாறு கடைசில காஷ்மீர்ல ஒரு மலை உச்சி போஸ்ட்டுல கெடந்தோம். அங்க அவனுக்குப் பனி பாக்கற வேலை. ட்ரெயினிங் குடுத்து அனுப்பிருந்தாங்க. சரிவுல எறங்கி, குழி வெட்டி, எந்த அடுக்கு கெட்டியா கீது, எது பொலபொலன்னு கீதுன்னு பாத்துட்டு வந்து சுபேதார்கிட்ட சொல்லணும். கடலோரத்துல பொறந்தவனுக்குப் பனி வேலை! "ஐஸ் வண்டிக்காரன் வந்துட்டான்டா"ன்னு நாங்க ஓட்டுவோம். அவன் சிரிச்சிகினே பனி அள்ளற ஷவலைத் தோள்ல போட்டுகினு போவான்.

மார்கழி கடைசில எங்க ஏழு பேருக்கு லீவு வந்திச்சு. தமிழ்ச்செல்வி நெறமாசம். மொத கொழந்தை தங்கல. அப்ப நான் பக்கத்துல இல்ல. இந்தத் தடவை இருப்பேன்னு அவ கையில அடிச்சி சத்தியம் பண்ணிருந்தேன். ஆனந்தனுக்குக் கல்யாணம். தை பொறந்ததும் முகூர்த்தம். பத்திரிகை போஸ்ட்டுக்கே வந்து, அதைப் பங்கர் செவுத்துல ஒட்டி வச்சிருந்தோம்.

எறங்கப் போற அன்னிக்குக் காலையில வயர்லெஸ்ல சேதி. பெரிய பனிப்புயல் வருது. வந்துட்டா பாதை மூடிக்கும், மூணு வாரத்துக்கு எவனும் எறங்க முடியாது. அதுக்குள்ள கெளம்பிடணும்னு மூட்டையைக் கட்டிட்டோம். வானம் பளிச்சின்னு கீது. பத்து நாளா பனியே பெய்யல. பனி மேல மிதிச்சா நங்குநங்குன்னு பாறை. நான் ஏரிக்காரன். எங்க ஏரி காஞ்சா மேல ஓடு கட்டும், அது மேல பாரவண்டியே போவும். ஓடு கட்டிட்டா பயமில்ல, அது எங்க ஊரு கணக்கு.

ஆனந்தன் ஊரு கணக்கு வேற. கழிவெளியில மேல உப்பு பூத்து ஓடு கட்டும், அடியில சேறு. அவங்கப்பாவோட மாடு ஒண்ணு அப்படித்தான் உள்ள போயி செத்துதாம். "மேல கெட்டியா கீறதுதான் தனகோடி பயமா கீது"ன்னான்.

அவன் இடுப்புல கவுறு கட்டி, மறுமுனையை நான் புடிச்சிகினேன். குழி வெட்டினான். பனியைத் தூண் மாரி செதுக்கி, மேல ஷவலை வச்சித் தட்டினான். நல்ல பனின்னா தோள்லேர்ந்து ஓங்கி அடிச்சாத்தான் ஒடையணுமாம். இது மணிக்கட்டால தட்டினதுமே மேல் பாளம் முழுசா நழுவி அவன் கால்ல விழுந்திச்சு. அடிப்பனியை அள்ளிப் புடிச்சான். புட்டுக்கு மாவு பிசறினா புடியில நிக்கணும்ல, இது கல்லுப்பு மாரி கொட்டிச்சு. தள்ளிப் போயி இன்னொரு குழி வெட்டினான். அதே கதை. மூணாவதா ஒரு எடத்துல அவன் வெட்ட ஆரம்பிச்சப்பதான் எனக்கு வெளங்கிச்சு, அவனுக்கும் போவணும்னு எவ்ளோ ஆசைன்னு. அங்கயும் நழுவிச்சு.

சுபேதார் ஏசுபாதம் நல்ல மனுசன். "ஆனந்தா, உன் கல்யாணம்டா. யோசிச்சி சொல்லு. எறங்கலாமா?"

அவன் செவுத்துல இருந்த பத்திரிகையை ஒருக்கா பாத்தான். "வாணாம் சாப்."

நான் கத்தின கத்து அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும். அவன் டீ போட்டாந்து கையில குடுத்து, "அவசரத்துல அண்டாவுல கூட கை நுழையாது, குடி"ன்னான்.

டீ குடிச்சி முடிக்கல, மத்தியானக் காத்து எழும்பிச்சு. முகட்டுல தொங்கிகினு இருந்த பனி ஒடிஞ்சி சரிவு மேல விழுந்திச்சு. அவ்ளோதான், மொத்த சரிவும் தோலு மாரி உரிஞ்சிகினு எறங்கிச்சு. கெளம்பியிருந்தா ஏழு பேரும் அந்நேரம் அதுக்கு நடுவுலதான் இருந்திருப்போம். டீ டம்ளரு என் கையிலயே இருந்திச்சு. சாயங்காலமே புயலும் வந்து பாதை மூடிகிச்சு.

நான் செங்கல்பட்டு வந்து எறங்கறப்ப எம்பொண்ணு பொறந்து ரெண்டு வாரம். அள்ளி எடுத்து மோந்து பாத்தப்ப ஆனந்தன் மூஞ்சிதான் கண்ணுல நின்னிச்சு. அவன் ஊருல, வயர்லெஸ்ல சொல்லியனுப்பின சேதி போயி சேராம, மாப்பிள்ளையும் வரலன்னு, அதே பந்தல்ல பொண்ணை அத்தை மவனுக்குக் கட்டி வச்சிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. பொண்ணை மணையில உக்கார வச்சிகினு எவ்ளோ நேரம் பாப்பாங்க. அடுத்த வாரம் எங்க வூட்டுக்கு வந்தான். "கொழந்தை நல்லா கீதா?"ன்னு மட்டும் கேட்டான்.

அப்புறம் நானே தெருத்தெருவா அலைஞ்சி அவனுக்குக் கன்னியம்மாவைப் பேசி முடிச்சேன். தங்கமான பொண்ணு.

மூணாம் வயசுல கொழந்தைக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில உக்கார வைக்கணும். சீர்த்தட்டோட ஆனந்தனும் கன்னியம்மாவும் வந்து நின்னாங்க. தமிழ்ச்செல்வியோட பெரியப்பா வாசுதேவன் குதிச்சாரு. "எம்புள்ளைங்க ரெண்டு பேரு கீறானுங்க, உனக்கு அண்ணன் மொறை. அவனுங்களை வுட்டுட்டு வெளியாளா? இவன் எந்த வழியில மாமன்?"

எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. அதுக்குள்ள தமிழ்ச்செல்வியே பேசிட்டா.

"இவங்கப்பாவை மலையில எறங்காதன்னு தடுத்தவரு பெரிப்பா. தன் கல்யாணம் போவும்னு தெரிஞ்சே தடுத்தாரு. இல்லாட்டி இவ அப்பா இல்லாத புள்ளையா வளந்திருப்பா. கூடப் பொறந்தவன் இருந்திருந்தா இதுக்கு மேல இன்னா செஞ்சிருப்பான், சொல்லு."

பெரியப்பா மணையை அவரே எடுத்தாந்து போட்டு, துண்டால தொடச்சி, "உக்காரு தம்பி"ன்னாரு.