கோட்டுப் பையில் இருந்த மாத்திரைகள்

அந்த உறையில் பெயர் எழுதியவள் நான்தான். அதனால் இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பும் என் தலையில்தான் விழுகிறது. அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது, ஆனா என்னை ரொம்ப நல்லவளாக் காட்டாதே" என்றாள். காட்டவில்லை.

எங்கள் சலவைக் கடையில் அவளுக்குப் பாக்கெட் அக்கா என்று பெயர். துணி எந்திரத்துக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுத் துழாவுவது அவள் வேலை. சாவி, பேனா மூடி, பாதி கடித்த மிட்டாய், யாரோ யாருக்கோ எழுதிய கடிதம், எது கிடைத்தாலும் பழுப்பு உறையில் போட்டு, ரசீது எண்ணையும் துணிக்காரர் பெயரையும் எழுதி, உடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். ஒருமுறை ஒரு பெரிய மனிதரின் சட்டையில் ஒற்றைத் தோடு கிடைத்தது. அதற்கும் உறை, எண், பெயர்தான். பதினொரு வருஷத்தில் ஒருவரிடமும் அவள் 'இது என்ன' என்று கேட்டதில்லை. நான் கவுண்டரில் ரசீது போடுகிறவள். ஏன், எதற்கு என்று கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். எங்கள் இருவரையும் ஒரே கடையில் போட்ட முதலாளியைச் சொல்ல வேண்டும்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் இறங்குகிற மனிதர். வீட்டிலோ குளியலறைக் குழாய் ஒரு வருஷமாக ஒழுகியது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம், பிள்ளை இல்லை, பெரிய சண்டையும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவுக்கு வெளியே சொல்ல முடியாத இடத்தில் கொத்தாகக் கொப்புளங்கள் வந்தன. எரிச்சல் தாங்கவில்லை. உடம்புச் சூடு என்று நினைத்து நிறையத் தண்ணீர் குடித்தாள். பத்து நாளில் போய்விட்டது. பிறகு திரும்ப வந்தது. மறுபடியும் போனது, மறுபடியும் வந்தது. அந்த நாட்களில் முதுகுவலி என்று சொல்லிக் கூடத்தில் தனியாகப் படுத்துக்கொள்வாள். ஐந்தாம் தடவைதான் டாக்டரிடம் போனாள். பரிசோதனை செய்துவிட்டு, ஹெர்பிஸ் என்றார் அந்தப் பெண் டாக்டர். காய்ச்சல் என்று சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னாராம். வைரஸ் நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், உடம்போ மனசோ சோர்ந்தால் எழுந்து வரும், அடியோடு ஒழிக்க மருந்து இல்லை. ஆனால் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று தினமும் மாத்திரை போட்டால் வருவது வெகுவாகக் குறையும், அடுத்தவருக்குத் தொற்றுவதும் குறையும் என்றார்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். யாரிடமிருந்து வந்தது?

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா. வருஷக்கணக்கா வெளியே தெரியாமலே இருக்கும். ரத்தத்துல தேதி எழுதியிருக்காது" என்றார் டாக்டர். வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். அக்கா தலையாட்டினாள். சொல்லவில்லை.

காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன் அவள் வாழ்க்கையில் ஒருவன் இருந்தான். ஆறு மாதம். அதை அவள் வீட்டுக்காரரிடம் சொன்னதே இல்லை. அவனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று தானாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். ஒன்றும் அறியாத மனிதருக்கு நோயைக் கொடுத்துவிட்டோமோ, கொடுத்துவிடுவோமோ, தெரிந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று இரண்டு வருஷம் தனக்குள்ளேயே வெந்தாள். மாத்திரை அட்டையை வீட்டில் யாரும் தொடாத ஒரே இடத்தில் ஒளித்து வைத்தாள். அது அவருடைய கல்யாணக் கோட்டின் உள்பை. கையை நுழைத்தால் பொத்தான் தெறிக்கிற கோட்டை யார் எடுக்கப் போகிறார்கள்?

எடுத்தார். இருபது வருஷ வேலைக்காகக் கம்பெனியில் அவரை மேடையேற்றப் போகிறார்கள் என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. கோட்டை எங்கள் கடைக்கே கொண்டுவந்தார், கொஞ்சம் அகலப்படுத்தி வெளுத்துத் தர வேண்டும் என்று. அன்றைக்கு அக்காவுக்கு வார விடுமுறை. அவளுக்குத் தெரிய வேண்டாம், மேடையில் பார்க்கட்டும் என்றார். அதனால் கோட்டை அவள் கண்ணில் படாமல் பின்னறையில் வைத்தேன். பையில் கைவிட்டது நான். மாத்திரை அட்டை கிடைத்தது. கோட்டு யாருடையதோ மாத்திரையும் அவருடையது என்று உறையில் போட்டு, அவர் பெயரை எழுதினேன். இத்தனை கேள்வி கேட்கிற நான் அன்றைக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கோட்டை வாங்க வந்தவர் உறையைப் பிரித்துப் பார்த்தார். முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. "இதை அவதான் வெச்சாளா?" என்று கேட்டார். பாக்கெட்டில் அக்காவைத் தவிர யாரும் கைவைக்கக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். அவள் விடுமுறை நாட்களில் நான் வைப்பதை வெளியே மூச்சு விடுவதில்லை. அதனால், "பாக்கெட் வேலை எல்லாமே அக்காதான்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்தான் இத்தனைக்கும் வினை.

மூன்று நாளாகக் கோட்டையும் மாத்திரையையும் காணாமல், கேட்கவும் பயந்து தவித்த அக்கா அன்று மாலை அலமாரியைத் திறந்தால், பிளாஸ்டிக் உறைக்குள் கோட்டு. உள்பையில் என் கையெழுத்தோடு பழுப்பு உறை. அவளுக்கு உயிரே போய்விட்டது. அவர் பார்த்துவிட்டார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரையை வேறு இடத்துக்கு மாற்றினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். மாற்றாவிட்டாலும் ஒப்புக்கொண்டதுதான். திருடனுக்குத் தேள் கொட்டியது போலத் தவித்தாள். கடைசியில் உறையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, எப்போதும்போல அதிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகுதான் குழப்பம். லிஃப்ட்காரர் திடீரென்று குழாயைக் கழற்றிப் பூட்ட ஆரம்பித்தார். பாத்திரம் கழுவினார். ஒருநாள் தேநீர் போட்டுக் கையில் கொடுத்து, "உனக்குப் பெரிய மனசு" என்றார். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடையில் அக்கா என்னிடம், ஒரு ஆம்பிளை காரணமே இல்லாமல் அன்பாக இருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்றேன். என் வாயை நான் என்ன செய்ய?

இன்னொன்றும் நடந்தது. மாத்திரைகள் குறைந்தன. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நாலு. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. எண்ணிப் போட்டே பழகிய கைக்குக் கணக்குத் தப்புமா? அவர் எடுத்துப் போய் யாரிடமாவது காட்டுகிறாரா? ஆத்திரத்தில் குப்பையில் போடுகிறாரா? வேவு பார்க்கிறாரா? அடுத்த மருந்துச் சீட்டு வாங்க நாளிருக்கையில் அட்டை காலியாகிவிட்டது. ஐந்து நாள் மாத்திரை இல்லை. கவலை வேறு. ஆறாம் நாள் கொப்புளங்கள் வந்தன. உட்கார முடியாமல் நின்றபடியே பைகளைத் துழாவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சமையலறைக் குழாயின் கீழே ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். அக்கா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையில் இருந்ததைப் பற்றிப் பதினொரு வருஷமாக யாரிடமும் கேட்காதவள் கேட்டாள்.

"கோட்டுப் பையில இருந்த மாத்திரையை யாரு எடுக்கிறது?"

"நான்தான்" என்றார் அவர். "நீ எனக்குத்தானே வெச்சே?"

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். இருபத்து மூன்று வயதில் அவருக்கு முதல்முறை வந்ததாம். அப்போது ஒரு டாக்டர் இதே மாத்திரையைத்தான் கொடுத்தாராம். பிறகு எப்போதாவது வரும், போகும். களிம்பை வாங்கி டூல்ஸ் பெட்டியில் ஒளித்து வைத்துச் சமாளித்திருக்கிறார். கல்யாணத்தின்போது சொல்ல வாய் வரவில்லை, அப்புறம் சொல்லத் தைரியம் வரவில்லை.

"களிம்பை நீ பாத்துட்டேன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை கேக்காம, கடையில செய்யற மாதிரியே உறையில என் பேரை எழுதி வெச்சிருக்கேன்னு நெனச்சேன். அன்னிக்கு லிஃப்ட் மேல உக்காந்து அழுதேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இங்கே இரண்டு நெஞ்சும் ஒரே வீட்டில் குறுகுறுத்துக்கொண்டு, ஒரே அட்டையைக் காலி செய்திருக்கின்றன. அக்காவுக்குச் சிரிப்பு வந்ததாம். அந்த ஸ்பேனரைப் பிடுங்கி அவர் தலையில் போட வேண்டும் என்றும் வந்ததாம்.

"அது என் மாத்திரைங்க" என்றாள்.

அது அவருக்கு ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ நான்தான் உனக்குக் கொடுத்தேனா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். இரண்டு வருஷப் பாரம் அவர் தலைக்கு மாறிவிடும். அந்த ஆறு மாதம் யாருக்கும் தெரியாமலே புதைந்துவிடும். சாகும்வரை அவர் குழாய் சரிசெய்துகொண்டே இருப்பார். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது என்று அக்காவே என்னிடம் சொன்னாள்.

"தெரியலை" என்றாள். "டாக்டருக்கும் தெரியாதாம். உங்களுக்கு முன்னால எனக்கும் ஒருத்தர் இருந்தாரு."

அவர் குழாயை இறுக்கி முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவள் நிற்பதைப் பார்த்து, "உக்கார முடியலையா?" என்றார். முடியவில்லை என்றாள். என் மாத்திரையைத் தின்று தீர்த்தது நீங்கள்தானே என்று அப்போதுதான் கத்தினாளாம். கத்திவிட்டு அழுதாளாம்.

மறுநாள் இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போனார்கள். ஒருவர் மாத்திரையை இன்னொருவர் எடுத்ததற்கு இருவருக்கும் நல்ல திட்டு விழுந்தது. அவரையும் பரிசோதித்துவிட்டு, தனியாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

என் பொய்யை அக்காவிடம் ஒருநாள் ஒப்புக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. யாருடைய பையிலோ இருந்த சாவியை உறையில் போட்டு, மெதுவாகப் பெயர் எழுதினாள். நான் விடவில்லை. அவர் உங்களை மன்னித்தாரா, நீங்கள் அவரை மன்னித்தீர்களா என்று கேட்டேன்.

"அந்த ஒருத்தர் யாருன்னு அவர் இன்னிவரைக்கும் கேக்கலை" என்றாள். "என் மேல இருக்கற மரியாதையில கேக்கலையா, இல்ல பதில் சொல்லிடுவேன்னு பயந்து கேக்கலையா? நீயே சொல்லு."