ஒரு பக்கம் மட்டும் ஆறு கீற்று

பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் படகு கோணிவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

எனக்கு ஃபேக்டரியில் வேலை, செய்து முடித்த பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் பிரிவு. வீடு தாபோடியில், ஒரு அறையும் சமையலறையும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்குப் போவேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் சின்னப் பாய்மரப் படகுகளை ரிமோட்டில் ஓட்டுவார்கள். மோட்டார் கிடையாது, காற்றுதான். மூன்று வருஷமாக நான் அவர்களுக்குப் படகுகள் சுற்றி வர வேண்டிய மிதவைகளைப் போட்டுக் கொடுக்கிறேன், புதரில் சிக்கிய படகை முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்து வருகிறேன். சொந்தப் படகு இல்லை. இந்த வருஷம் மழைக்கு முன்னால், எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு நடக்கும் பந்தயத்துக்கு என் படகும் வரும் என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சே வராது. வந்த அந்த ஒரு பேச்சைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது.

படகின் உடலை மரக்கீற்றுகளால் மூடுவதுதான் இதில் பெரிய வேலை. நாலடிப் பலகையில் குறுக்குச் சட்டங்களைத் தலைகீழாக, மீன் முள்ளைப் போல வரிசையாக நிறுத்த வேண்டும். அவற்றின் மேல் மெல்லிய கீற்றுகளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வளைத்து, பசை தடவி, குண்டூசி குத்தி ஒட்ட வேண்டும். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். வளைத்த மரம் நிமிரப் பார்க்கும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால்தான் நடு நேராக நிற்கும்.

இது எனக்குத் தெரியாதது இல்லை.

என் மனைவி பிளவுஸ் தைக்கிறாள். அவள் துணி வெட்டும் மேஜையில்தான் பலகையை வைத்திருந்தேன். மேஜை சுவரோடு ஒட்டிக் கிடக்கும், இந்தப் பக்கம் கட்டிலும் தையல் மெஷினும். சுவர்ப் பக்கத்தில் ஒட்டுவதென்றால் பலகையைத் தூக்கித் திருப்ப வேண்டும். ஒரு ஆளாகத் திருப்பினால் சட்டங்கள் ஆடிவிடும். நான் ஷிப்ட் முடிந்து வரும்போது, பண்டிகை நேரமாதலால், அவள் காலையிலிருந்து குனிந்த கழுத்தோடு தைத்துக்கொண்டிருப்பாள். அவளை எழுப்பி ஒரு கை பிடிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று இந்தப் பக்கமே ஒட்டுவோம், ஞாயிற்றுக்கிழமை திருப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். இங்கே ஆறு, பிறகு அங்கே ஆறு, சரியாகப் போய்விடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு நாள் நின்றுகொண்டே ஒட்டியதில் இடுப்பு விட்டுப்போனது.

ஞாயிறு காலை ஒரு கண்ணை மூடி முனையிலிருந்து பார்த்தேன். நடுக்கோடு வளைந்திருந்தது. அடிப்பலகை மெல்லிய பிளைவுட், அதுவும் சேர்ந்து முறுக்கியிருந்தது.

"இன்னாங்க அப்டியே நின்னுட்டீங்க?" என்றாள்.

"வளஞ்சிருச்சு."

வந்து குனிந்து பார்த்தாள். "ஐயய்ய, வாழக்கா மாரி கீது. இன்னா பண்ணீங்க?"

சொன்னேன்.

"ஏன் திருப்பல?"

"நீ தச்சிட்டிருந்த."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "எதிர் வூட்டம்மா தெனம் வந்து கொக்கி மாத்திக் குடுன்னு எழுப்புது, எழுந்துக்கிறேன். உங்களுக்கு ஒரு கை புடின்னு கேக்கக் கூச்சமா? நான் இன்னா உங்க மேனேஜரா?"



பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் கரையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீரில் விட்டால் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஃபேக்டரியில் இப்படி ஒரு பாகம் வந்தால் சாக்பீஸால் கோடு போட்டு ஒதுக்கிவிடுவேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, ஆறு கீற்றையும் பிளேடால் கிளப்பினேன். இரண்டு சட்டம் உடைந்தது. புதிதாக வெட்டி, வேறு கனமான பலகையில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பந்தயத்துக்குள் முடியாது.

பந்தயத்தை நடத்துகிறவர் ஊரின் மறுகோடியில், வானவடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார். அவரிடம் சொல்லப் பத்து நாள் ஆனது. நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன். கடைசியில் ஒரு டீ இடைவேளையில், ஃபேக்டரி கேன்டீனுக்குப் பின்னால் நின்று பேசினேன்.

"ஒரே பக்கமா ஒட்டினியா? ஏன்?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார்.

இடம் சின்னது என்றேன். பாதி உண்மைதான்.

"சரி, மிதவை போட வருவேல்ல?"

"வருவேன் சாப்."

பந்தயத்தன்று போனேன். மிதவை போட்டேன். ஒவ்வொருவராக, எங்கே உன் படகு என்று கேட்டார்கள். கோணிவிட்டது, கோணிவிட்டது என்று பத்துப் பேருக்கும் சொன்னேன். அதில் வந்த அலுப்பு தண்ணீரில் நின்றதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பேன்ட் முழங்கால்வரை ஈரம். புதுப் பலகையில் இந்தப் பக்கம் மூன்று, சுவர்ப் பக்கம் இரண்டு கீற்று ஒட்டியிருந்தேன். அந்த இரண்டுக்கும் அவளாகவே எழுந்து வந்து பிடித்தாள். இன்று அவள் மெஷினிலிருந்து தலை நிமிரவில்லை. எனக்கு நல்ல தூக்கம் வந்தது. படுத்திருக்கலாம்.

"கொஞ்சம் புடிக்கிறியா? திருப்பணும்" என்றேன்.

"இந்த பிளவுஸுக்குக் கை ஒண்ணு ஏத்திட்டு வரேன், இருங்க."

பேன்டைக்கூட மாற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் ஒன்றை முடித்துவிட்டு இன்னொரு கையை எடுத்தாள்.