ஏழாவது கேள்வி

1. படிவம்

பெரியவரின் கருமாதி முடிந்த வாரமே அவருடைய மகன் என்னைக் கூப்பிட்டு, ஒரு கட்டுப் படிவங்களை மேசையில் வைத்தார். ஹட்டன் டவுனில் அவர்களுடைய இரும்புக் கடைக்கு மேல்மாடிதான் பெரியவர் ஆரம்பித்த பவுண்டேசனின் அலுவலகம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவது அதன் வேலை. நான் அங்கே வெளிக்கள உத்தியோகத்தர். உதவி கேட்டு எழுதியவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

"இனிமே இதை நிரப்பிக்கிட்டு வாங்க மிஸ். அப்பா வந்தவங்க எல்லாருக்கும் குடுத்தாரு. அது அவரு மனசு. நாம தகுதியானவங்களுக்குக் குடுத்தாத்தான் அவரு பேரு நிலைக்கும்" என்றார் மகன்.

அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் தவறு. அப்பா செய்த காலத்தை விடக் கூடுதலான பிள்ளைகளுக்கு அவர் உதவினார். தர்மம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். ஏழாவது, 'குடும்பத்தில் மது அருந்துபவர் உண்டா?'

"இது எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"சும்மா, தெரிஞ்சி வச்சிக்கத்தான்."

நான் படிவங்களைப் பையில் போட்டுக்கொண்டேன்.

2. பெரியவர்

நானும் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவள்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து உயர்தர வகுப்பு முடியும்வரை என் விடுதிச் செலவைக் கட்டியவர் பெரியவர். என் அப்பா குடிகாரர். ஒரு சம்பள நாளில் குடித்துவிட்டு, பெரியவரின் கடை வாசலிலேயே விழுந்து கிடந்திருக்கிறார். பெரியவர் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, முகம் கழுவ வைத்து, பஸ் ஏற்றி அனுப்பினாராம். அதற்கு அடுத்த வாரம் நான் விடுதிப் பணத்துக்காகக் கடைக்குப் போனேன். தலையை நிமிர்த்தவே முடியவில்லை.

"பரீட்சை எப்ப?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பணத்தைக் கொடுத்துவிட்டு, ஆணி வாங்க வந்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். அப்பாவைப் பற்றி அவர் சாகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. படித்து முடித்ததும் வேலையும் தந்தார்.

3. மாரியாயி வீடு

படிவம் வந்த முதல் வருடமே கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். புவனா என்ற பிள்ளை பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். ஹட்டனில் விடுதியில் தங்கி விஞ்ஞானப் பிரிவில் படிக்க உதவி கேட்டிருந்தாள். அந்தத் தோட்டத்திலிருந்து அதுவரை யாரும் விஞ்ஞானம் படித்ததில்லை.

அவளுடைய அம்மா மாரியாயி கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். தலையில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. புவனாவின் தம்பி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தான். உள்ளே காம்பராவில் அவர்களுடைய அப்பா படுத்திருந்தார். கசிப்புச் சாராயத்தின் வாடை வாசல்வரை வந்தது.

ஏழாவது கேள்வியைக் கேட்டேன். மாரியாயி உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மிஸ், உள்ளத சொல்றதா, இல்ல வேற மாதிரி சொல்றதா? நீங்களே சொல்லுங்க."

"உள்ளதையே சொல்லுங்கம்மா. நான் இருக்கேன், பயப்படாதீங்க."

"குடிப்பாரு மிஸ். சம்பளம் கைக்கு வந்தா வீட்டுக்கு வராது. எஞ் சம்பளத்துலதான் ரெண்டு புள்ளையும் படிக்குது."

'உண்டு' என்று எழுதினேன். அதன் கீழே, 'இதனாலேயே இப்பிள்ளைக்கு உதவி அவசியம்' என்று என் கையால் ஒரு வரி சேர்த்தேன். நல்ல வேலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

4. கூட்டம்

தெரிவுக் கூட்டத்தில் மகனும், அவர் மனைவியும், குடும்பத்துக்கு வேண்டிய இரண்டு பெரிய மனிதர்களும் இருந்தார்கள். புவனாவின் பெறுபேறுகளைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். மகன் பக்கத்தைத் திருப்பினார். ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"அப்பா பேருல குடுக்குறது சாராயத்துக்குப் போனா அது பாவம். அடுத்தது?"

"இது விடுதிக்கு நேரா கட்டுறது சார். தகப்பன் கையில போகாது" என்றேன்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும் மிஸ். ஒழுங்குன்னா ஒழுங்குதான்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. உங்கள் அப்பா இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அந்தப் பெரிய மனிதர்களுக்கு முன்னால் என் அப்பா குடிகாரர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அடுத்த படிவத்தை எடுத்துக் கொடுத்தேன்.

முடிவைச் சொல்ல நானே போனேன். மாரியாயி அடுப்பில் தண்ணீர் வைத்து எனக்குத் தேத்தண்ணி போட்டாள். புவனாதான் கேட்டாள்.

"எங்க லயத்துலயே இன்னும் ரெண்டு பேருக்கு கெடச்சிருக்கு மிஸ். அவங்க போம்ல என்னான்னு எழுதுனீங்க?"

அவர்களுடைய படிவத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அவர்கள் சொன்னதை எழுதினேன். அந்த இரண்டு அப்பாமாரும் புவனாவின் அப்பாவோடு சேர்ந்து குடிப்பவர்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். சில மாதங்களில் புவனா கட்டுநாயக்கவுக்கு, கார்மெண்ட் வேலைக்குப் போய்விட்டாள்.

5. யாரும் குடிக்காத தோட்டங்கள்

விஷயம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. அடுத்த வருடம் நான் போன எந்த வீட்டிலும் குடிப்பவர் இல்லை. வாசலில் தள்ளாடிக்கொண்டு நின்ற ஒருவரே, "நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கமே இல்லீங்க மிஸ்" என்றார். நானும் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்தினேன். வீட்டுக்குப் போகும் முன்பே 'இல்லை' என்று எழுதிவிடுவேன்.

பெரியவரின் நினைவு நாள் கூட்டத்தில் மகன் மைக்கைப் பிடித்துப் பேசினார். "நம்ம பவுண்டேசன் வந்த பிறகு தோட்டங்கள்ல குடிப்பழக்கம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு படிவங்களைப் பார்த்தாலே தெரியும்." மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த நானும் தட்டினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புவனாவின் தம்பி சாதாரண தரம் தேறினான். அவன் வீட்டிலிருந்து யாரும் உதவி கேட்டு எழுதவில்லை. நானே படிவத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு மாரியாயி வீட்டுக்குப் போனேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஏழாவது கேள்விக்கு நேரே விரலை வைத்து, "'இல்ல'ன்னு எழுதிட்டேன். கைநாட்டு மட்டும் வைங்க" என்றேன்.

"இப்ப நெசமாவே இல்ல மிஸ். அவரு போன மாசியில செத்துட்டாரு" என்றாள்.

பிறகு படிவத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"தம்பிக்கு புவனா காசு அனுப்புறா. இந்த போம் நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கா. கோவிச்சிக்காதீங்க மிஸ்."

கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு றோட்டுக்கு இறங்கினேன்.

நான் ஓய்வு பெறும்வரை அந்தப் படிவம் மாறவில்லை. இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். ஒரு ஏழைத் தாயிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று சொல்லும் முன், அந்த உண்மை மேசைக்கு வரும் நேரத்தில் அதன் பக்கத்தில் நின்று பேச உங்களால் முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் அவளைப் பொய் சொல்ல விடுங்கள். நான் அவளை உண்மை சொல்ல வைத்துவிட்டு, என்னுடையதை மறைத்துக்கொண்டேன்.