வரிசை மாமா

மேடைகளுக்கு ஒலி அமைத்துக் கொடுக்கும் மாமாவிடம் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள் அவருடைய கொழுந்தியாள். பாடுகிறவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்கக் காதில் செருகிக்கொள்ளும் கம்பியில்லாக் கருவியை மாட்டிவிடுவது அவள் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவள் காதக்கா. வாயைத் திறக்கமாட்டாள், கண்ணை மூடமாட்டாள்.

மாமாவுக்கு எதிலும் வரிசை வேண்டும். சட்டைப் பையில் மூன்று பேனா, ஒரே இடைவெளியில். ஆறு கருவிகளுக்கும் அலைவரிசை வைத்ததும் அப்படித்தான்: ஐநூற்று ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை.

"பாத்தியா, முத்துக் கோத்த மாதிரி!"

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார், சுத்தம். ஆறையும் சேர்த்துப் போட்டதும் பாடகியின் காதில் கொரகொரவென்று இரைச்சல்.

"நேத்தும் இதேதான். இன்னொரு தடவை இரைஞ்சா நான் மேடை ஏறமாட்டேன்."

மாமா முதலில் மழையைத் திட்டினார், பிறகு பாடகியின் தோட்டை, கடைசியில் கொழுந்தியாளை.

"உனக்கு மாட்டவே தெரியல. நாளையிலிருந்து கேபிள் சுத்தப் போ!"

காதக்காவுக்குக் கேபிள் சுற்றிச் சுற்றித்தான் ஏழு வருடம் போயிற்று, மறுபடியும் அதுவா?

ஒரு கருவியை அணைத்தால் இன்னொன்று தெளிவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். சம இடைவெளியில் நின்றால் இரண்டு அலைகள் கலந்து பிறக்கும் போலி அலை சரியாக மூன்றாவதன் தலையில் விழும். ஒரே ஒரு தடவை இதைச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கே பாடமா?" என்று சிரித்துவிட்டுப் போனார் மேதாவி.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், காலி இடங்களைத் தேடி, ஆறையும் ஒன்றுக்கொன்று சமமில்லாத இடைவெளிகளில் தள்ளித் தள்ளி வைத்தாள்.

மறுபடி ஒத்திகை. ஆறும் ஓடின. ஒரு கீறல் இல்லை.

"என்ன சார் செஞ்சீங்க?" என்றாள் பாடகி.

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் என் வரிசைதாம்மா. உங்களோடது ஐநூத்தி மூணு."

பாடகி இடுப்பில் மாட்டியிருந்த கருவிப் பெட்டியை எடுத்துப் பார்த்தாள். "ஐநூத்தி நாலு புள்ளி எட்டுன்னு காட்டுதே?"

மாமா கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"அக்கா, நீங்களா?"

காதக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"இனிமே என் காது அக்கா பொறுப்பு. நீங்க போய் கேபிள் சுத்துங்க சார்."

மாமா போய்ச் சுற்றினார். வளையம் ஒவ்வொன்றும் ஒரே அளவு.