விமானத்தின் மூக்கில் குங்குமப் பொட்டு

கீரனூரில் பல்செட் போட்டிருப்பவர்களில் பாதிப் பேர் வாயில் பிரகதீஸ்வரியின் கைவேலைதான் இருக்கிறது. ஏழு வருடம் திருச்சிக்குப் பஸ்ஸில் போய்வந்து ஒரு பல் லேபில் தொழில் பழகியவள். இப்போது வீட்டின் முன்னறையே லேப். டாக்டர்கள் அச்சு அனுப்புவார்கள், இவள் பல் அனுப்புவாள். "நான் செஞ்ச பல்லப் போட்டுக்கிட்டுக் கரும்பே கடிக்கலாம்" என்பாள். வாய்ச்சவடால் இல்லை, கடித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

அந்த அறையின் மறுபாதியில் ராணுவம் குடியிருக்கிறது. நாலடிக்கு மூன்றடிப் பலகையில், மலை நடுவே ஒரு விமானத்தளம். ஒரு சரக்கு விமானம், இரண்டு ஹெலிகாப்டர், மூன்று டாங்கி, ஆறு லாரி, எல்லாம் அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. மலை, பல் அச்சுக்கு ஊற்றுகிற பிளாஸ்டர். டாங்கிச் சங்கிலி, பல் மெழுகில் செதுக்கி வார்த்தது. சின்ன வயதில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து போர் விமானம் தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போனால் மற்ற பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். இவள் இறக்கையின் அடியில் என்ன தொங்குகிறது என்று அண்ணாந்து பார்ப்பாள். அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

திருச்சியில் வருடத்துக்கு ஒருமுறை மாடல் கண்காட்சி நடக்கும். நடுவர் ஜெரால்டு, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. போன தடவை இவளுடைய மார்க் தாளில் அவர் எழுதியது: "அளவு சுத்தம். ஆனால் ஷோரூம் மாதிரி இருக்கிறது. இங்கே ஆட்கள் வாழவில்லை." வந்ததே கோபம்! இந்த மனுஷன் கையாலேயே அதை மாற்றி எழுத வைக்கிறேன் பார் என்று உட்கார்ந்தவள்தான். அடுத்த கண்காட்சி தள்ளிப்போனதும் நல்லதாய்ப் போயிற்று, பதினெட்டு மாதம் உழைத்தாள்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. அரம், செதுக்குக் கத்தி, குட்டி டிரில் எல்லாவற்றையும் கழுவி அடுக்கிவிட்டுப் பொரிகடலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், பன்னிரண்டு வண்டிக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"ஆத்தா! என்ன செஞ்சு வச்சிருக்க?"

அவள் அம்மா முத்துமாரியம்மாள் விரலைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஆயுத பூசையன்னைக்கு வண்டியச் சும்மா விடுவாகளா? ஒன் ஸ்கூட்டிக்கும் வச்சாச்சு, போய்ப் பாரு."

ஒரு லாரியின் முன்கண்ணாடியே காணோம். கணக்குப் பார்த்தால், அசல் லாரியில் முறம் அகலத்துக்கு ஒரு பொட்டு! வண்டிகளுக்கு அடித்திருந்த பெயிண்ட் வேறு ஈரத்தைக் குடித்துக் கறை பிடித்துக்கொள்கிற ரகம். பதினெட்டு மாத உழைப்பு ஐயா, யாருக்குத்தான் அழுகை வராது? அவளுக்கும் வந்தது.

"ஈரத்துணியால தொடச்சுரட்டுமாடி?"

"தொடாத! அங்கிட்டுப் போ!"

அம்மா முகம் சுண்டிப்போய் உள்ளே போனார். பிரகதீஸ்வரி ஸ்டூலில் உட்கார்ந்து, வாங்கிவந்த பொரியையே கோபத்தோடு அள்ளி அள்ளித் தின்றாள். தின்றபடி பார்த்தவளுக்கு மெல்ல ஒன்று உறைத்தது. பொட்டு வைத்த லாரிக்குப் பக்கத்தில் அரை விரல்கூட இல்லாத டிரைவர் நிற்கிறான். அது அவனுடைய லாரி என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. பட்டாளத்திலும் டிரைவர் டிரைவர்தானே, பூஜை போடாமலா வண்டியை எடுப்பான்?

மறுநாள் விடிந்ததும் வேலையைத் தொடங்கினாள். காய்ந்த சந்தனத்தைப் பல் சுரண்டுகிற கருவியால் உரித்து, கறைமேல் பெயிண்ட் பூசி, ஊசிமுனையால் அளவான பொட்டு வைத்தாள். பச்சை மெழுகில் வாழைக்கன்று. பிளாஸ்டரில் பூசணிக்காய், உடைத்து உள்ளே சிவப்பு. சக்கரத்தடி எலுமிச்சைக்கு ரவையை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டாள். கடைசியில் மிஞ்சியது விமானத்தின் மூக்கில் அம்மா வைத்த பொட்டு. கருவியைக் கொண்டுபோனவள், யோசித்துக் கீழே வைத்துவிட்டாள்.

கண்காட்சியில் ஜெரால்டு பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் நிமிரவே இல்லை.

"எலுமிச்சம்பழமாம்மா இது?"

"ரவை சார்."

வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு ஒரு டிரைவர் இருந்தான். பனி கொட்டுற எடத்துல எலுமிச்சம்பழத்துக்கு நான் எங்க போவேன்? அது இல்லாம வண்டிய நகத்த மாட்டேன்னுட்டான்." பிறகு விமானத்தைக் காட்டினார். "இது மட்டும் அளவு தப்பு. எடுத்திருந்தா மொத பரிசு ஒனக்குத்தான்."

"தெரியும் சார். தெரிஞ்சுதான் விட்டேன். அது எங்க ஆத்தா வச்சது. அந்தப் பொட்டு இல்லன்னா இந்த எலுமிச்சம்பழமே வந்திருக்காது. மார்க்கக் கொறச்சுக்கங்க."

குறைத்துவிட்டார். இரண்டாம் பரிசு.

திரும்பும்போது வேனில் மாடலுக்குப் பக்கத்தில் அணைவாக உட்கார்ந்திருந்த முத்துமாரியம்மாள் கேட்டார். "என்னடி எழுதியிருக்காரு? நான் பொட்டு வச்சதுல ஏதும் கொறையா?"

மார்க் தாளில் இரண்டே வரி. முதல் வரி, "அளவில் ஒரு பிழை."

பிரகதீஸ்வரி இரண்டாவது வரியை மட்டும் உரக்க வாசித்தாள். "இங்கே ஆட்கள் வாழ்கிறார்கள்."